நெருக்கடி இரவில் யாரை அழைப்பது? 988, கவுண்டிக் குழு, 911, ஈ.ஆர்.: ஓர் ஒப்பீடு

வீட்டில் ஒருவருக்கு மனநல நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது என்ற கேள்வி அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. கல்லூரியிலிருந்து வந்த பையன் சில இரவுகளாகத் தூங்கவில்லை, யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறான். வேலை போன அறைத்தோழர் நள்ளிரவில் ‘இனிமேல் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன்’ என்று வாட்ஸ்ஆப்பில் எழுதுகிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா திடீரென்று வீட்டு ஆட்களையே அடையாளம் தெரியாமல் பார்க்கிறார். எந்த எண்ணை அழுத்துவது? போலீஸ் வந்துவிடுமோ? விசாவுக்கு ஏதாவது ஆகுமோ? பில் எவ்வளவு வரும்?

நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாரும் சரியாகவே சொல்லியிருப்பார்கள், ஆனால் அவரவர் மாநிலத்துக்கு. டெக்சஸின் டாலஸில் பொருந்துவது நியூ ஜெர்சியின் எடிசனில் பொருந்தாது. மனநல நெருக்கடிக்கு நாடு முழுவதற்குமான ஒரே ஏற்பாடு இங்கே கிடையாது. 2020-ல் வந்த மத்தியச் சட்டம் தற்கொலை, மனநல நெருக்கடி உதவிக்கு 988 என்ற எண்ணைக் கொடுத்தது, அதற்காகத் தொலைபேசி பில்லில் கட்டணம் வசூலிக்க மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தது. வீட்டு வாசலுக்கு யார் வருவது, ஒருவரை அவர் விருப்பமில்லாமல் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், செலவை யார் ஏற்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்கள் முடிவு செய்கின்றன. நடைமுறைப்படுத்துவது கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்.

ஒப்பீட்டுக்குப் போகும் முன் ஒரு விதிவிலக்கு. கையில் ஆயுதம் இருந்தால், ரத்தக் காயம் இருந்தால், மாத்திரையோ வேறெதுவோ விழுங்கியிருந்தால், மூச்சோ நினைவோ சரியில்லை என்றால், யோசிக்கவே வேண்டாம், போலீஸும் ஆம்புலன்ஸும் வரும் அவசர எண்ணான 911. மாத்திரை விழுங்கியவர் பார்க்க நன்றாக இருந்தாலும் இதே பதில்தான். சில மருந்துகள் உடலைக் கெடுப்பது ஒரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

## எதை வைத்து அளப்பது

நான் ஆறு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். ஆபத்து நிமிடக் கணக்கிலா, மணிக் கணக்கிலா? வாசலில் வந்து நிற்கப்போவது யார்? சம்பந்தப்பட்டவர் ‘வரமாட்டேன்’ என்றால் கட்டாயப்படுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பில் யார் தலையில் விழும்? பின்னால் என்ன பதிவு மிஞ்சும்? தமிழில் பேச வழி உண்டா?

இவற்றில் மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. உதவி வேண்டும் என்று ஒப்புக்கொள்பவருக்கு எந்த வழியும் ஓரளவு வேலை செய்யும். மறுப்பவருக்கு எது வேலை செய்யும் என்பது மாநில எல்லையைத் தாண்டினால் மாறிவிடுகிறது. (கீழே ஈ.ஆர். என்பது மருத்துவமனையின் அவசரப் பிரிவு.)

| வழி | யார் வருவார் | கட்டாயப்படுத்த முடியுமா | செலவு | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| 988 | பெரும்பாலும் யாரும் இல்லை, பேச்சு மட்டும் | முடியாது | இலவசம் | ஆள் வேண்டுமென்றால் இன்னொரு படி |
| கவுண்டி நெருக்கடிக் குழு | மனநலப் பணியாளர்கள் | மாநிலத்தைப் பொறுத்தது | பெரும்பாலும் குறைவு | காத்திருப்பு, எல்லா ஊரிலும் இல்லை |
| 911 | போலீஸ், ஆம்புலன்ஸ் | முடியும் | ஆம்புலன்ஸ், ஈ.ஆர். பில் | பலப்பிரயோகம், கைது |
| நேராக ஈ.ஆர். அல்லது நெருக்கடி மையம் | நீங்கள்தான் போக வேண்டும் | உள்ளே போனபின் முடியலாம் | ஈ.ஆர். என்றால் அதிகம் | படுக்கைக்காக நீண்ட காத்திருப்பு |

## 988: பேசுவதற்கு நல்லது, ஆள் வருவதற்கு அல்ல

2022 ஜூலை 16 அன்று நடைமுறைக்கு வந்த எண் இது. அழைப்பு, குறுஞ்செய்தி, சாட் மூன்றுமே இலவசம். தற்கொலை எண்ணம் இருந்தால்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் ஒருவரைப் பற்றிக் கவலைப்படுபவரும் அழைக்கலாம், ‘நான் இப்போது என்ன செய்வது’ என்று கேட்கலாம். நம் ஆட்கள் இதை இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். பெயர் சொல்ல வேண்டாம், இன்சூரன்ஸ் அட்டை வேண்டாம், குடியுரிமையும் கேட்க மாட்டார்கள்.

‘988-ஐ அழைத்தால் பின்னாலேயே போலீஸ் வரும்’ என்ற பயம் பரவலாக இருக்கிறது. முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று ஆலோசகர் கருதினால் அழைப்பவர் சம்மதமில்லாமலும் 911-க்குத் தகவல் போகலாம். ஆனால் அவசர சேவையோடு இணைக்க வேண்டிவரும் அழைப்புகள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்பது அரசின் கணக்கு.

தொலைபேசியில் பேசினால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், 240 மொழிகளுக்கு மேல் வசதி உண்டு. அழைப்பு எடுக்கப்பட்டதும் ‘டமில் இன்டர்ப்ரெட்டர்’ என்று சொன்னால் போதும். குறுஞ்செய்தியும் சாட்டும் ஆங்கிலம், ஸ்பானிஷ் மட்டுமே. ஆங்கிலம் தயங்கும் அப்பா அம்மாவுக்குக் குரல் அழைப்புதான் வழி.

அப்புறம், எண் விவகாரம். 988 தொடங்கியபோது அழைப்பவர் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தை (ஏரியா கோட்) வைத்துத்தான் மையத்தைத் தேர்ந்தெடுத்தது. நம்மில் பலர் முதலில் இறங்கிய ஊரின் எண்ணையே பத்து வருடமாக வைத்திருக்கிறோம். ஜெர்சி சிட்டி எண்ணை வைத்துக்கொண்டு சியாட்டிலில் இருந்து அழைத்தால் நியூ ஜெர்சியில் யாரோ எடுப்பார், அவருக்குச் சியாட்டிலில் யாரை அனுப்புவது என்று தெரியாது. 2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, செல்பேசி நிறுவனங்கள் கோபுரத்தின் இடத்தை வைத்து அழைப்பைத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினாலும் உங்கள் துல்லியமான முகவரி ஆலோசகருக்குத் தெரியாது. பேச ஆரம்பித்ததும் ஊரையும் கவுண்டியையும் சொல்லிவிடுங்கள்.

988 எவ்வளவு பலமாக இருக்கும் என்பது மாநிலம் அதற்குப் போடும் பணத்தைப் பொறுத்தது. வாஷிங்டன் மாநிலம் 2021-ல் எச்.பி. 1477 என்ற சட்டத்தால் தொலைபேசி இணைப்புக்கு மாதம் 24 சென்ட் வசூலிக்க ஆரம்பித்து, 2023-ல் 40 சென்ட் ஆக்கியது. கலிபோர்னியாவில் 2023-லும் 2024-லும் 8 சென்ட். டெக்சஸில் அந்தக் கட்டணமே இல்லாமல்தான் 988 தொடங்கியது.

## கவுண்டி நெருக்கடிக் குழு: இருக்கும் இடத்தில் இதுதான் முதல் தேர்வு

மொபைல் க்ரைஸிஸ் டீம் என்பார்கள். மனநல ஆலோசகர் ஒருவர், சில இடங்களில் செவிலியரோ துணை மருத்துவரோ, சில இடங்களில் தானே இந்த அனுபவத்தைக் கடந்து வந்த ஒருவர், சாதாரண உடையில் வீட்டுக்கு வருவார்கள். வரவேற்பறையில் உட்கார்ந்து பேசுவார்கள். தேவைப்பட்டால் மையத்துக்குக் கூட்டிப்போவார்கள், இல்லையென்றால் மறுநாள் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போவார்கள். வாசலில் சுழல் விளக்கு எரியாது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்கவும் மாட்டார். இது நமக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த யோசனை புதிதல்ல. ஒரேகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் கஹூட்ஸ் என்ற குழு 1989-லேயே இதைச் செய்தது. டென்வரில் ஸ்டார் என்ற குழு 2020 ஜூனில் தொடங்கியது. பிறகு வந்த மாநிலச் சட்டங்கள் பலவற்றின் பின்னால் ஒரு குடும்பத்தின் இழப்பு இருக்கிறது. வர்ஜீனியாவின் ‘மார்கஸ் அலர்ட்’ சட்டம், 2018-ல் ரிச்மண்டில் மனநல நெருக்கடியில் இருந்தபோது போலீஸ் சுட்டு இறந்த 24 வயது பள்ளி ஆசிரியர் மார்கஸ்-டேவிட் பீட்டர்ஸின் பெயரால் வந்தது. கலிபோர்னியாவின் ஏ.பி. 988 சட்டத்துக்கு மைல்ஸ் ஹால் என்ற 23 வயது இளைஞரின் பெயர். வால்நட் கிரீக் நகரில் 2019-ல் அவர் வீட்டார் உதவி கேட்டு அழைத்தபோது வந்தது போலீஸ். அவருடைய நிலையை அந்தக் குடும்பம் போலீஸிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது, அப்படியும் துப்பாக்கிச் சூட்டில்தான் முடிந்தது. நியூ ஜெர்சியில் 2023-ல் பேட்டர்சனிலும் ஜெர்சி சிட்டியிலும் இதே போல இரண்டு இறப்புகள் நேர்ந்த பிறகு, 2024 ஜனவரியில் சமூகக் குழுக்களை அனுப்பும் சீப்ரூக்ஸ்-வாஷிங்டன் சட்டம் கையெழுத்தானது.

சட்டம் இருக்கிறது என்பதற்காக உங்கள் தெருவுக்கு ஆள் வருவார் என்று நினைத்துவிடக் கூடாது. இல்லினாய் ஒரு பாடம். ஆட்டிசம் உள்ள 15 வயது ஸ்டீபன் வாட்ஸ் 2012-ல் போலீஸ் சுட்டு இறந்தான். அவன் நினைவாக 2021-ல் வந்த செஸா சட்டம், குற்றமோ ஆபத்தோ இல்லாத மனநல அழைப்புக்குப் போலீஸை அனுப்பக் கூடாது, மனநலக் குழுவை அனுப்ப வேண்டும் என்கிறது. அருமையான சட்டம். ஆனால் 2022 ஜூலைக்குள் நடைமுறைக்கு வர வேண்டிய ஏற்பாடு ஒரு முறையல்ல, பல முறை தள்ளிப்போனது. 911 மையங்களையும் 988 மையங்களையும் ஒரே விதியில் பேசவைப்பது அவ்வளவு சிக்கல்.

பணமும் நிரந்தரமில்லை. 2021-ன் மத்தியச் சட்டம் ஒன்று, மொபைல் குழு வைக்கும் மாநிலங்களுக்கு அதற்கான மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) செலவில் 85 சதவீதத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் 12 காலாண்டுகளுக்கு மட்டும். எல்லாருக்கும் முன்மாதிரி என்று சொல்லப்பட்ட கஹூட்ஸே யூஜீன் நகரில் 2025 ஏப்ரலில் நின்றுபோனது. போன வருடம் நண்பர் கொடுத்த எண் இந்த வருடம் வேலை செய்கிறதா என்று ஒரு பகல் வேளையில் அழைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கேட்க வேண்டியவை நாலு: இரவில் வருவார்களா, எவ்வளவு நேரத்தில், போலீஸோடு வருவார்களா தனியாகவா, பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் வேறு எண்ணா. கடைசிக் கேள்விக்கு நியூ ஜெர்சியில் பதில் ‘ஆமாம்’. அங்கே 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு பெர்ஃபார்ம்கேர் (1-877-652-7624) வழியாகத் தனிக் குழு உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வருவது அதன் நோக்கம். நாட்டிலேயே நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. எடிசனில் வருடக்கணக்காக இருப்பவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் வருத்தம். கலிபோர்னியா பே ஏரியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் டிரஸ்ட் என்ற குழு போலீஸ் இல்லாமல் வருகிறது, அதை 988 வழியாகக் கேட்கலாம். டெக்சஸில் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளூர் மனநல ஆணையம் ஒன்று உண்டு. 24 மணி நேர எண்ணும் வெளியே வரும் குழுவும் அதனிடம் இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, கலிபோர்னியாவின் ஏ.பி. 988 தெளிவாகவே சொல்கிறது: 988 மையமோ மொபைல் குழுவோ தரும் அவசர மனநல சேவைக்கு மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள இன்சூரன்ஸ் முன் அனுமதி கேட்கக் கூடாது. நம்மவர்கள் பலர் வேலை செய்யும் பெரிய கம்பெனிகளின் திட்டங்கள் பெரும்பாலும் கம்பெனியே பணம் போட்டு நடத்துபவை, அவற்றுக்கு மாநில இன்சூரன்ஸ் சட்டம் பொருந்தாது. அட்டைக்குப் பின்னால் உள்ள எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த வழி பொருந்தாத இடமும் உண்டு. குழு வர ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகலாம். கைகலப்பு தொடங்கிவிட்டால் அவர்களே போலீஸைக் கூப்பிடுவார்கள்.

## 911: வேகம் உண்டு, விலையும் உண்டு

நிமிடங்களில் வருவது இது ஒன்றுதான். வருபவர்களுக்கு அதிகாரமும் இருக்கிறது. ஆனால் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2015 முதல் தொகுத்த பதிவில், போலீஸ் சுட்டு இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநோய் அறிகுறி உள்ளவர். எல்லா அழைப்பும் அப்படி முடிவதில்லை, பெரும்பாலானவை அமைதியாகவே முடிகின்றன. ஆனாலும் கத்திப் பேசுவதையும் சொன்னதைக் கேட்காமல் நிற்பதையும் போலீஸ்காரர் மிரட்டலாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

நம் வீடுகளில் யாரும் எதிர்பார்க்காத இன்னொரு விலை இருக்கிறது: கைது. பதற்றத்தில் ‘என் பையன் என்னை அடித்துவிட்டான்’ என்று முதல் வாக்கியம் வந்துவிட்டால், அது மருத்துவ அழைப்பிலிருந்து குடும்ப வன்முறை அழைப்பாக மாறிவிடும். நியூ ஜெர்சியில், காயத்தின் அடையாளம் தெரிந்தால் போலீஸ் கைது செய்தே ஆக வேண்டும். ‘வேண்டாம், விட்டுவிடுங்கள்’ என்று அம்மா அழுதாலும் பயனில்லை. விசாவில் இருப்பவருக்கு மனநல சிகிச்சை பெற்றது மட்டும் ஒரு குற்றமோ விதிமீறலோ ஆகாது. கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையிலும் நோயை மட்டும் வைத்து மறுப்பதில்லை, நோயோடு சேர்ந்து பிறருக்கோ தனக்கோ தீங்கு செய்யும் நடத்தை இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் கைதும் குடும்ப வன்முறைத் தண்டனையும் குடியேற்றச் சட்டத்தில் நேரடியாகச் சிக்கல் தருபவை. ‘விசா போய்விடும்’ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் தப்பான இடத்தில் பயப்படுகிறார்கள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒருநாள் 911-ல் முடியும்போதுதான் அந்தப் பயம் உண்மையாகிறது.

அழைத்தே ஆக வேண்டும் என்றால் முதல் வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: இது மனநல மருத்துவ அவசரம், இன்ன நோய், இன்ன மருந்து, கையில் ஆயுதம் இல்லை (உண்மையாக இருந்தால் மட்டும்), க்ரைஸிஸ் இன்டர்வென்ஷன் பயிற்சி பெற்ற அதிகாரியை அனுப்புங்கள். 1988-ல் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கிய 40 மணி நேரப் பயிற்சி அது, பல காவல் துறைகளில் அதைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்டினில் இன்னும் எளிது. அங்கே 2021 முதல் 911-ஐ எடுப்பவரே போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மனநல சேவை, இதில் எது வேண்டும் என்று கேட்கிறார். வர்ஜீனியாவில் குடும்பமே முன்வந்து ஒருவரின் நோய், மருந்து, எதற்குப் பயப்படுவார் என்பதையெல்லாம் உள்ளூர்ப் பதிவில் கொடுத்து வைக்கலாம். அந்த முகவரியிலிருந்து அழைப்பு வந்தால் 911 பணியாளருக்கு அது தெரியும்படி மார்கஸ் அலர்ட் சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. போலீஸ் வரும்போது வெளிச்சம் போட்டு, வெறுங்கையோடு வாசலுக்கு வெளியே நின்று அவர்களிடம் முதலில் பேசுங்கள்.

## ஈ.ஆர்., நெருக்கடி மையம்

சம்மதித்துக் காரில் ஏறுபவருக்கு இந்த வழி சரி. 1986-ன் மத்தியச் சட்டப்படி ஈ.ஆர். யாரையும் இன்சூரன்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, மனநல அவசரமும் அதில் அடங்கும். 2022 முதல் அமலில் உள்ள மத்தியச் சட்டம், அவசர சிகிச்சைக்கு நெட்வொர்க்குக்கு வெளியே என்று கூடுதல் பில் போடுவதையும் பெரும்பாலும் தடுக்கிறது. அதில் ஓட்டை ஆம்புலன்ஸ்: தரைவழி ஆம்புலன்ஸ் அந்தப் பாதுகாப்பில் இல்லை. அழைத்தது நீங்களா, போலீஸா என்பதெல்லாம் பில்லுக்குத் தெரியாது. விருப்பமில்லாமல் வைத்திருந்த நாட்களுக்கும் பொதுவாக பில் வரும். டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தருவதற்கு முன் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள திட்டத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஈ.ஆரின் பெரிய குறை காத்திருப்பு. மனநலப் படுக்கை கிடைக்கும்வரை ஈ.ஆர். கட்டிலிலேயே நாள் கணக்கில் கிடக்க நேரிடும். வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2014-ல் இப்படி வைத்திருப்பது சட்டவிரோதம் என்றே தீர்ப்பளித்தது. அதன்பிறகு அங்கே மையங்களுக்குப் பணம் வர ஆரம்பித்தது. சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியின் வாக்காளர்கள் 2023 ஏப்ரலில் ஐந்து நெருக்கடி மையங்களுக்காகச் சொத்து வரியைக் கூட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். கிர்க்லண்டில் ஒரு மையம் இப்போது இருக்கிறது, ரெட்மண்ட், பெல்வியூ பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். அரிசோனாவின் டூசான் நகரில் 2011-லிருந்து இப்படி ஒரு மையம் இயங்குகிறது. அங்கே கதவு யாருக்கும் மூடுவதில்லை, போலீஸ் கூட்டிவந்தாலும் பத்து நிமிடத்தில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஊரில் இதுபோல மையம் இருந்தால், உடல் கோளாறு இல்லாத நெருக்கடிக்கு ஈ.ஆரை விட அதுதான் மேல்.

இரண்டு பேருக்கு மட்டும் ஈ.ஆர்.தான், வேறெதுவும் வேண்டாம். ஒன்று, வயதானவருக்குத் திடீரென வரும் குழப்பம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம், பக்கவாதம் எதுவும் மனநோய் போலவே தோன்றும். பார்க்க வந்த பெற்றோரின் பயணக் காப்பீடு மனநலத்தை விலக்கியிருக்கலாம், மேலே சொன்னவை உடல் நோய்கள் என்பதால் காப்பீட்டு நிறுவனத்திடம் உடல் நோயாகவே பேசுங்கள். இரண்டு, பிரசவமான பெண் குழந்தையைப் பற்றி விநோதமாகப் பேசுவது, தூக்கமே இல்லாமல் படபடப்பது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் இந்த நிலை பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் தலைகாட்டும், மிக வேகமாக முற்றும். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் ஈ.ஆருக்குப் போங்கள். மனச்சோர்வு மட்டும் என்றால் தாய்மை மனநல எண் 1-833-852-6262 போதும்.

## ‘வரமாட்டேன்’ என்றால்

இங்கேதான் மாநிலச் சட்டம் முழு உருவத்தில் வந்து நிற்கிறது.

விருப்பமில்லாமல் ஒருவரை வைத்திருப்பதைக் கலிபோர்னியாவில், சட்டப்பிரிவின் எண்ணை வைத்து, 5150 என்பார்கள். போலீஸோ கவுண்டி நியமித்த மனநலப் பணியாளரோ 72 மணி நேரம் வரை வைத்திருக்க ஏற்பாடு செய்யலாம். டெக்சஸில் வாரண்ட் இல்லாமல் பிடிக்கும் அதிகாரம் போலீஸ் அதிகாரிக்குத்தான், பொதுவாக 48 மணி நேரம். குடும்பத்தினர் நீதிபதியிடம் மனு கொடுத்து வாரண்ட் வாங்கவும் வழி உண்டு. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கவுண்டிக்கும் மனநல நெருக்கடியை மதிப்பிடும் ஒரு ஸ்க்ரீனிங் சென்டர் இருக்கிறது, அங்குள்ளவர்களே வீட்டுக்கு வந்து மதிப்பிடவும் முடியும். எனவே அங்கே 911-க்கு முன் அந்த சென்டரை அழைப்பது புத்திசாலித்தனம். வாஷிங்டனில் முடிவு போலீஸுடையது அல்ல, அதற்கென்று நியமிக்கப்பட்ட நெருக்கடிப் பணியாளருடையது. அவர் 120 மணி நேரம் வரை வைத்திருக்க உத்தரவிடலாம். அவர் மறுத்துவிட்டால் குடும்பம் நேரே நீதிமன்றம் போகலாம். 2015-ன் ‘ஜோயல் சட்டம்’ தந்த உரிமை இது. மகனைக் காப்பாற்ற மனநல அமைப்பிடம் பலமுறை கேட்டும் கிடைக்காமல் அவனை இழந்த பெற்றோர் போராடி வாங்கியது.

வர்ஜீனியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சட்டம் ஒரு இடத்தில் அழுத்தினால் இன்னொரு இடத்தில் எப்படிப் புடைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2013 நவம்பரில் மாநில செனட்டர் கிரீ டீட்ஸின் மகன் நெருக்கடியில் இருந்தார். அவசரக் காவலில் வைத்து மதிப்பிட அப்போதைய சட்டம் தந்த ஆறு மணி நேரம் முடிந்தது, படுக்கை கிடைக்கவில்லை, வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் மகன் தந்தையைக் கடுமையாகத் தாக்கிவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பிழைத்த டீட்ஸ் சட்டமன்றத்துக்குத் திரும்பி வந்து சட்டத்தை மாற்றவைத்தார். அவசரக் காவல் எட்டு மணி நேரம் ஆனது. வேறெங்கும் இடம் கிடைக்காவிட்டால் அரசு மனநல மருத்துவமனை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று ஆனது. ஆனால் படுக்கைகள் அதற்கேற்பக் கூடவில்லை. நிரம்பி வழிந்து, ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து, 2021 ஜூலையில் எட்டு அரசு மருத்துவமனைகளில் ஐந்து புதிய நோயாளிகளைச் சேர்ப்பதைத் தற்காலிகமாக நிறுத்தின. வீட்டுக்குப் போகும் குழுக்களும் நெருக்கடி மையங்களும் வேண்டும் என்று அந்த மாநிலம் இப்போது இவ்வளவு முனைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபேர்ஃபாக்ஸ், லவுடன் பக்கம் இருப்பவர்கள் கம்யூனிட்டி சர்வீசஸ் போர்டு என்ற உள்ளூர் மனநல அமைப்பின் அவசர எண்ணை வைத்திருக்க வேண்டும். அங்கே தற்காலிகக் காவல் உத்தரவுக்கு முன் மதிப்பிடுபவர்கள் அவர்கள்தான்.

## யாருக்கு எது

பேசத் தயாராக இருப்பவருக்கும், என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் வீட்டாருக்கும் 988. மறுக்கிறார், ஆனால் வன்முறை இல்லை, இன்னும் சில மணி நேரம் தாங்கும் என்றால் கவுண்டிக் குழு, நியூ ஜெர்சியில் ஸ்க்ரீனிங் சென்டர். கூட வரச் சம்மதிக்கிறார் என்றால் நெருக்கடி மையம், அது இல்லாத ஊரில் ஈ.ஆர். முன்பே சொன்ன ஆபத்துகளுக்கும், மற்ற எந்தக் குழுவும் வர முடியாது என்று சொன்ன பிறகும் 911.

தனியாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஊரிலிருந்து கவலைப்படும் பெற்றோருக்கு வேறு கணக்கு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ 988-ஐயும் 911-ஐயும் அழைக்க முடியாது. பிள்ளை இருக்கும் கவுண்டியின் நெருக்கடி எண், அந்த நகரக் காவல் துறையின் அவசரமல்லாத எண், படிக்கும் பிள்ளை என்றால் பல்கலைக்கழகக் காவலின் எண், மூன்றையும் பத்து இலக்கமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லா எண்கள் வெளிநாட்டிலிருந்து பல நேரம் வேலை செய்யாது. பிள்ளை 18 வயதைத் தாண்டியிருந்தால் மருத்துவமனை உங்களிடம் எதையும் சொல்ல மறுக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள மருத்துவத் தனியுரிமைச் சட்டத்தில் தடை இல்லை. முன்பு என்ன மருந்து சாப்பிட்டான், கடைசியாக எப்போது தூங்கினான், யாரிடம் என்ன சொன்னான் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, மருத்துவமனையின் சோஷியல் வொர்க்கர் பெயருக்கு ஃபேக்ஸ் செய்யலாம் அல்லது அங்கே இருக்கும் நண்பர் கையில் கொடுத்தனுப்பலாம்.